சவுந்தரநாயகம் குடியை விட்ட கதை

வெள்ளவத்தை சவுந்தரநாயகம் தன் ஆயுளில் ஒரு சொட்டுச் சாராயம் வாயில் வைத்ததில்லை. அப்படிப்பட்ட மனுசனுக்கு, குடியை வென்றவர் என்று முத்திரை குத்தி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அப்போது அவர் இறந்து மூன்று வருடத்துக்கு மேலாகியிருந்தது. குடிக்காததையும் உயிரோடு இல்லாததையும் யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய நிறுவனங்கள் இப்படிச் சின்ன விசயங்களில் தொங்கிக்கொண்டு நிற்பதில்லை.

குடித்தது அவருடைய மனைவி பாலேஸ்வரி.

அதையும் முதலில் யாரும் குடி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். முட்டைக் கோப்பிக்குள் பிராந்தி விட்டுக் குடிப்பதை யாழ்ப்பாணத்துச் சனம் குடி என்று கணக்கெடுப்பதில்லை. அது மருந்து. பிள்ளை பெற்ற உடம்புக்கு, நெஞ்சுச் சளிக்கு, மழைக் குளிருக்கு. செத்தவீட்டுக் களைப்புக்கும் நல்லது என்று சொல்லி, அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு பக்கத்து வீட்டு மனுசி ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தது. நல்லாய்த்தான் இருந்தது, நித்திரையும் வந்தது. மகள் சாம்பவி மெல்பேர்னுக்குத் திரும்பிப் போனாள். மாடி வீட்டில் தனித்துப்போன பாலேஸ்வரி தானே முட்டைக் கோப்பி போட்டுக் குடித்தாள். சில மாதத்தில் முட்டை நின்றது. பிறகு கோப்பியும் நின்றது.

பெண்களுக்குச் சாராயம் விற்கக் கூடாதென்று நாட்டில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. காலி வீதியில் உள்ள சாராயக் கடைக்காரன் சட்டத்தை மதிக்கிற மனுசன். கம்பிக்குப் பின்னால் நின்று சிங்களத்தில், "மஹத்தயாட்டத?" என்று கேட்பான், ஐயாவுக்கா என்று. பாலேஸ்வரி, "ஒவ், மஹத்தயாட்ட" என்பாள். ஓம், ஐயாவுக்குத்தான். சட்டத்துக்கும் சந்தோசம், கடைக்காரனுக்கும் சந்தோசம். போத்தல் பழைய பேப்பரில் சுற்றப்பட்டு அவளுடைய பைக்குள் போகும். இப்படியாக, அந்தக் கடையைப் பொறுத்தவரை சவுந்தரநாயகம் ஏற்கெனவே பெருங்குடிகாரராக வாழ்ந்துகொண்டுதான் இருந்தார். பாலேஸ்வரிக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு சுருக்கென்னும். செத்த மனுசனின் தலையில் பழியைப் போடுகிறோமே என்று வீடு வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு வருவாள்.

ஏனென்றால் அவர் அப்படியான ஆள். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் பெரிய கிளாக்கராக இருந்தவர். கொம்பனி விருந்துகளில் விஸ்கி குழாய்த் தண்ணீராய் ஓடும். சவுந்தரநாயகம் மேசைக்கு வந்து இருந்ததும் முதல் வேலையாகத் தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு யார் வந்து ஊற்றுகிறது? கலியாண வீட்டிலும் அதே, சிநேகிதர் வீட்டிலும் அதே. கொம்பனிக் கந்தோரில் அவருக்குக் 'கவிட்ட கிளாஸ்' என்று பட்டமே வைத்திருந்தார்கள். அவர் அதற்குக் கோபித்ததில்லை. சாம்பவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவைப் பார்த்துத் தன் பால் கோப்பையையும் கவிழ்த்து வைத்து அடி வாங்கியிருக்கிறாள்.

இப்போதும் அவர் வருவார். பின்னேரத்தில், பாலேஸ்வரி இரண்டாவது தரம் ஊற்றிய பிறகு, யன்னலோரக் கதிரையில் வந்து இருப்பார். கந்தோர்ச் சேட்டைப் போட்டுக்கொண்டுதான் வருவார். ஒன்றும் கதைக்கமாட்டார். வந்தவருக்கு ஒன்றும் வைக்காமல் இருப்பது மரியாதையில்லை என்று அவள் அவருக்கு முன்னாலும் ஒரு கிளாஸ் வைப்பாள். அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். பேய் என்று அவள் பயந்ததில்லை. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் மூன்றாவது தரமும் ஊற்றவேண்டி வரும்.

பயம் பிடித்தது கோயிலில். திவசத்துக்கு நாள் பார்க்கப் போனவளிடம் ஐயர் திதியைக் கேட்டார். வரவில்லை. நட்சத்திரத்தைக் கேட்டார். முப்பது வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் அர்ச்சனைக்குச் சொன்ன நட்சத்திரம், அதுவும் வரவில்லை. ஐயர் பகிடியாக, "பேரையாவது சொல்லுங்கோ அம்மா" என்றார். பாலேஸ்வரி வாயைத் திறந்தாள். பெயர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பஸ் தரிப்பிடத்துக்கு வந்து நின்ற பிறகுதான், யாரோ கொண்டுவந்து கையில் கொடுத்தது போலச் சவுந்தரநாயகம் என்ற பெயர் திரும்பி வந்தது. அங்கேயே நின்று அழுதாள்.

அழுதது மறதிக்காக இல்லை. அந்த மனுசன் இனி இருப்பதென்றால் அவளுடைய தலைக்குள் மட்டும்தான் இருக்கிறார். செருமுகிற விதம், மீன் முள் எடுக்கிற விதம், சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டுக் கை தட்டுகிற விதம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சுவரில் தொங்குகிற அவருடைய படத்துக்கு இதெல்லாம் தெரியாது. பிராந்தி தலையை அரித்துத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்கு நன்றாக விளங்கியது. இந்தத் தலை போனால் அவர் இரண்டாம் தரம் சாவார். அதற்கு விடக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. 'மதுவால் பாதிக்கப்பட்ட பெண்களே! உங்களுக்காக நாங்கள் இருக்கிறோம். இலவச மூளைப் பரிசோதனை. ஆண், பெண் மூளைகளில் மதுவின் தாக்கம் பற்றிய மாபெரும் ஆய்வு.' கொட்டாஞ்சேனையில் உள்ள அகில இலங்கை மது மூளை ஆராய்ச்சி மீட்பு நிலையம் போட்டிருந்தது. பாலேஸ்வரி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கடவுளே, தன்னைப்போல ஆட்களையும் யாரோ கூப்பிடுகிறார்கள்.

நிலையம் துறைமுகப் பக்கமாக ஒரு பழைய பண்டகசாலையில் இருந்தது. வாசலில் சீமெந்தில் செய்த பெரிய மூளை ஒன்று, சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே வரவேற்பு மேசையில் கொன்ஸ்ரன்ரைன் என்ற கொட்டாஞ்சேனைக்காரர் இருந்தார். நல்ல மனுசன், பெண்களைக் கண்டால் எழும்பி நிற்கிற ஆள்.

"என்ன விசயமா வந்தீங்க அம்மா?"

பாலேஸ்வரி பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்ததை ஒரு மூச்சில் சொன்னாள். "நான் மதுவால பாதிக்கப்பட்டனான்."

"விளங்குது அம்மா, விளங்குது," என்றார் கொன்ஸ்ரன்ரைன். குரலிலே அவ்வளவு இரக்கம். "அவர் என்ன குடிக்கிறவர்?"

தமிழில் ஒரு ஆண் மதுவால் பாதிக்கப்பட்டால் அவன் குடிகாரன். ஒரு பெண் மதுவால் பாதிக்கப்பட்டால் அவள் குடிகாரனின் பெண்சாதி. இந்த விசயம் விளம்பரம் போட்டவர்களுக்குத் தெரியும், வாசித்தவளுக்குத்தான் தெரியவில்லை. தடுமாறிப்போன பாலேஸ்வரி பிராந்தி என்று மட்டும் சொன்னாள். அவர் இப்போது எப்படி என்று கொன்ஸ்ரன்ரைன் கேட்டார்.

"அவர் மோசம் போயிட்டார்," என்றாள்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மோசம் போனால் மற்றவர்கள் பாடைக்கு ஆள் அனுப்புவார்கள். செத்துப்போனார் என்று வாயால் சொல்லக் கூசுகிற சனம் அப்படித்தான் சொல்லும். கொட்டாஞ்சேனையில் மோசம் போனவர் இன்னும் உயிரோடுதான் இருப்பார், ஆள் மட்டும் கெட்டுப்போயிருப்பார். கொன்ஸ்ரன்ரைன் தலையை ஆட்டி, 'கணவர் நிலை: மிக மோசம்' என்று எழுதிக்கொண்டார். சவுந்தரநாயகம் நிலையத்தின் நோயாளியாகச் சேர்ந்தது அந்த நிமிசத்தில்தான்.

இதைத் திருத்த அவள் முயலவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. பணிப்பாளர் பேராசிரியர் இரத்தினசிங்கத்தின் அறைக்குள் போனதும் முதல் வேலையாக, "சேர், அவர் செத்திட்டார்" என்று பச்சையாகவே சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கண்ணில் நீர் தளும்பியது.

"இஞ்ச வாற எல்லா மனைவிமாரும் இதைத்தான் சொல்லுகினம்," என்றார். "என்னைப் பொறுத்தவரை அந்த மனுசன் செத்திட்டார் எண்டு. அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா. நாங்கள் அவரைத் திருப்பி உயிரோட தருவம்."

பிறகு அவர் ஆய்வை விளங்கப்படுத்தினார். குறைந்த குடியே பெண்ணின் மூளையை ஆணின் மூளையை விட விரைவாகக் கெடுக்கும் என்று வெளிநாட்டில் சிலர் சொல்கிறார்களாம். அது எங்கள் நாட்டிலும் சரியா என்று பார்க்கத்தான் வெளிநாட்டுப் பணம் வந்திருக்கிறது. பணம் வந்துவிட்டது, கட்டடம் திறந்தாயிற்று, மூளைக்கு மாலையும் போட்டாயிற்று. ஒரு சிக்கல். ஆண் மூளைக்குக் குடிகாரர்கள் தாராளம். பெண் மூளைக்கு எங்கே போவது? எங்களுடைய பண்பாட்டில் குடிக்கிற பெண்கள் இல்லையே. இல்லாதவர்களைத் தேடி அலைவது விஞ்ஞானம் அல்ல என்று பேராசிரியர் சொன்னார். ஆகவே ஒரு பக்கம் குடிக்கிற ஆண்கள், மறுபக்கம் அவர்களுடைய மனைவிமார். இப்படி ஓர் ஆய்வு உலகத்தில் யாரும் செய்ததில்லை என்றார். அது உண்மைதான்.

நிலையத்தில் இரண்டு மண்டபங்கள். ஆண்கள் மண்டபத்தில் மூளைக்கு உயிர்ச்சத்து ஊசி போட்டார்கள். அந்த ஊசி மறதியைத் தடுக்கும் என்று சுவரில் எழுதியிருந்தது. பாலேஸ்வரி அதை வாசித்துவிட்டுத் தனக்கும் ஊசி வேண்டும் என்று கேட்டாள். மனைவிமாருக்கும் கொடுத்தார்கள், தைக்கிற ஊசி. தலையணை உறையில் 'அன்பே மருந்து' என்று பூவேலை செய்ய வேண்டும். அது முடிந்தால், குடித்துவிட்டு வருகிற கணவனை எப்படிச் சிரித்த முகத்தோடு வரவேற்பது என்று வகுப்பு. கை நடுக்கத்தில் நூல் கோர்க்க முடியாமல் அவள் திணறுவதைப் பார்த்து மற்றப் பெண்கள், பாவம், இந்த மனுசிக்கு அவன் என்ன பாடு படுத்தியிருப்பானோ என்று கண் கலங்கினார்கள். நூலைக் கோர்த்தும் கொடுத்தார்கள்.

அந்த மண்டபங்களுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய விறாந்தையில் ஒருநாள் கிளைவ் அவளை மறித்தான். துறைமுகத்தில் பாரம் தூக்கியவன், ஆண்கள் மண்டபத்தில் பழைய நோயாளி. அவளை மேலும் கீழும் பார்க்கவில்லை, அவளுடைய கையை மட்டும் பார்த்தான்.

"அக்கா, ஏலக்காய் வாயில போட்டா மணம் போகாது," என்றான் மெதுவாக. "நானும் போட்டுப் பார்த்தேன். நீங்கதானே குடிக்கிறது?"

மூன்று வருடத்தில் அவளை நேராகப் பார்த்து அதைக் கேட்ட முதல் ஆள் அவன். பாலேஸ்வரிக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. ஓம் என்று தலையை ஆட்டினாள். இப்படியே விட்டால் செத்துப்போவீங்க, நான் பெரியவரிடம் கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதற்கிடையில் மூளைப் படங்கள் எடுத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் எடுத்து, மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி, விளக்கேற்றி, நிலையக் கீதம் பாடி, பேராசிரியர் முடிவுகளை வெளியிட்டார். ஆண்களின் மூளைகள் சுருங்கியிருந்தன. மனைவிமாரின் மூளைகள் பெரும்பாலும் கவலைப்பட்ட மூளைகளாக, ஆனால் முழுசாக இருந்தன. ஒன்றைத் தவிர. திரையில் பாலேஸ்வரியின் மூளை வந்தது. நடுவிலே பள்ளமும் ஓரங்களில் வெடிப்புமாக, கோடை காலத்துக் குளத்தின் தரை மாதிரி இருந்தது. அவள் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் இருக்கிற வீடு இதுதானா, இவ்வளவு பாழடைந்த வீட்டிலா அவர் தங்கியிருக்கிறார் என்று மனசு பதறியது.

பேராசிரியரோ ஆனந்தத்தில் இருந்தார். "இதோ, வெளிநாட்டார் தேடிக்கொண்டிருந்த விடை! கணவர் குடித்திருக்கிறார், மனைவியின் மூளை கெட்டிருக்கிறது. ஒரு சொட்டும் குடிக்காமலே பெண் மூளை இவ்வளவு பாதிக்கப்படுகிறதென்றால், அது ஆண் மூளையை விட எவ்வளவு மென்மையானது! எனவே பெண்கள் விரைவாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்பது எங்கள் மண்ணிலும் நிரூபணமாகிறது."

கைதட்டல் அடங்க முன்னர் கிளைவ் எழும்பினான். அந்த அக்கா தானே குடிக்கிறா, அவவுக்கு ஊசி போடுங்க சேர் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.  எல்லாத் தலைகளும் பாலேஸ்வரியின் பக்கம் திரும்பின. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? அவள் எழும்பி நின்றாள். 

"ஓம் சேர். நான்தான் குடிக்கிறனான். அவர் ஒருநாளும் குடிச்சதில்லை."

 பேராசிரியர் மேடையில் இருந்து இறங்கி அவளுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "பார்த்தீர்களா?" என்றார் சபையைப் பார்த்து, தழுதழுத்த குரலில். "குடிகாரப் புருசனின் பழியைத் தன் தலையில் சுமக்கிறாள். சபையிலே அவனுக்கு அவமானம் வரக்கூடாதென்று தன்னையே குடிகாரி என்கிறாள். எந்த நாட்டிலே ஐயா இருக்கிறது இந்தப் பதிபக்தி? இந்த மூளைதான் எங்கட பெண்மையின் மூளை!"

மனைவிமார் எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். ஒருத்தி வந்து பாலேஸ்வரியின் காலைத் தொட்டாள். கிளைவுக்குப் பெண்கள் எல்லாம் குடிகாரிகளாகத் தெரிகிற பிரமை பிடித்திருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது முற்றிய நிலை என்று சொல்லி அவனை வைத்தியத்துக்கு மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஒருநாள் பாலேஸ்வரி அவனை விறாந்தையில் கண்டாள். கிளைவ் என்று கூப்பிட்டாள். அவன் அவளுடைய கையைப் பார்த்தான். எதையோ நினைக்கப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனான்.

பதிபக்திக்குப் பரிசாகச் சவுந்தரநாயகத்துக்கு விசேட வைத்தியம் தொடங்கினார்கள். வெள்ளைக் குளிசைகள், அதாவது மாத்திரைகள். அவருக்குத் தெரியாமல் சோற்றுக்குள் கலந்து கொடுக்க வேண்டும். குளிசை உள்ளே இருக்கும்போது குடித்தால் வயிறு குமட்டிச் சத்தி வரும், நெஞ்சு படபடக்கும், உயிர் போய் வருவது போல இருக்கும், பிறகு ஆள் போத்தலைத் திரும்பியும் பார்க்கமாட்டார் என்று பேராசிரியர் சொன்னார்.

பாலேஸ்வரி வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டு, குளிசையைக் கலந்து, படத்தடியில் இருந்து தானே சாப்பிட்டாள். மனுசனை ஏமாற்றி மருந்து கொடுப்பது பாவம், அவருக்குப் பதிலாகத் தான் சாப்பிடுவதில் என்ன பாவம்? முதல் நாள் பின்னேரம் பழக்கத்தில் ஊற்றியவள், குளியலறைத் தரையிலே கிடந்து செத்துப் பிழைத்தாள். அதோடு பயந்துபோனாள். போத்தல் அலுமாரியில் அப்படியே நின்றது. கிழமைகள் போயின. கை நடுக்கம் குறைந்தது. ஊசியில் நூல் கோர்த்தாள். ஒருநாள் காலையில் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள், யாரும் கேட்காமலே, அனுசம் என்று வாய் சொன்னது. அவருடைய நட்சத்திரம்! பக்கத்தில் இருந்த சிங்கள மனுசியின் கையைப் பிடித்து அனுசம், அனுசம் என்றாள். அந்த மனுசி அது தன்னுடைய பெயர் இல்லை என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னது.

ஒன்றுதான் குறை. யன்னலோரக் கதிரைக்கு ஆள் வரவில்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது. பரவாயில்லை, அவர் உள்ளுக்குள் பத்திரமாக இருக்கிறார் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த காரியத்தை நிலையம் கெடுத்தது. வீட்டில் போத்தல் இறங்குகிறதா என்று பேராசிரியர் கேட்டார். இல்லை சேர், தொட்ட ஆள் இல்லை என்று பாலேஸ்வரி உண்மையைச் சொன்னாள். அவ்வளவுதான், சவுந்தரநாயகம் குணமாகிவிட்டார். நிலையத்தின் முதல் முழு வெற்றி! குளிசை நிறுத்தப்பட்டது.

"சேர், குளிசையை மட்டும் நிப்பாட்டாதேங்கோ," என்று அவள் கெஞ்சினாள். "உங்கட காலில விழுறன்."

"குடிக்காத மனுசனுக்கு என்னத்துக்கம்மா குளிசை?" என்றார் பேராசிரியர். அந்த நிலையத்தில் அவர் சொன்ன ஒரே நியாயமான வார்த்தை அதுதான். அதுவும் அவளுக்கு உதவவில்லை.

ஏழு நாள், ஒரு கிழமை தாக்குப் பிடித்தாள். பிறகு காலி வீதிக் கடை, கம்பி, மஹத்தயாட்டத, ஒவ், மஹத்தயாட்ட.

வெற்றி விழாவுக்கு நாள் குறித்தார்கள். மனைவியின் சாட்சியம்தான் விழாவின் முக்கிய நிகழ்ச்சி. அதைப் பழக்குவதற்கு ரொஷேல் என்ற இளம் அலுவலரைப் போட்டார்கள். துடிப்பான பிள்ளை. அவர் குடித்துவிட்டு எப்படி அடிப்பார் என்று சொல்லுங்க அன்ரி என்றாள். அவர் அடிக்கிறதில்லை என்றாள் பாலேஸ்வரி. அடிக்காட்டி ஆட்கள் கைதட்ட மாட்டாங்க என்று ரொஷேல் கவலைப்பட்டாள். கடைசியில் ஒரு சின்ன அடி என்று இருவரும் இணங்கினார்கள், கன்னத்தில், மழை நாளில். பிறகு அவர் கதவை உதைப்பது. பிறகு சைக்கிளை விற்றுக் குடித்தது. ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கவேண்டும் என்று ரொஷேல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பாலேஸ்வரி வீட்டில், கையில் கிளாஸோடு, கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னாள். முதலில் நாக்குக் கூசியது. நாள் போகப் போக அது ஓடிவந்தது. சுருங்கிய மூளையில் பள்ளங்கள் அதிகம், எதைப் போட்டாலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கும்போது கன்னம் உண்மையாகவே எரிந்தது. கையை வைத்துப் பார்த்தாள்.

விழாவன்று சவுந்தரநாயகம் வரமுடியாததால் அவருடைய படத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். படத்தை மேடைக் கதிரையில் வைத்து, வெற்றி வீரர் என்பதால் பெரிய மாலையும் போட்டார்கள். மாலை போட்ட படத்தைக் கண்டதும் சபை தானாகவே எழும்பி, தலையைக் குனிந்து, மௌனமாக நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் பேராசிரியரும் நின்றார். அந்தக் கட்டடத்துக்குள் அந்த மனுசனுக்குக் கிடைத்த ஒரே சரியான மரியாதை அந்த ஒரு நிமிசம்தான். பிறகு எல்லோரும் கதிரையில் இருந்தார்கள், பேச்சுத் தொடங்கியது.

பேராசிரியர் நீளமாகப் பேசினார். தான் நோயாளியை ஒருமுறைகூடக் காணாமலே குணப்படுத்தியதைப் பெருமையாகச் சொன்னார். உண்மையான மருத்துவனுக்கு நோயாளி தேவையில்லை என்றார். வீட்டில் உள்ளவர்கள், முக்கியமாகப் பிள்ளைகள், தங்கள் தகப்பன் குடிக்கவே இல்லை என்று மறுப்பார்கள், அந்த மறுப்பும் நோயின் ஒரு பகுதிதான், அதை நம்பாதீர்கள் என்று மனைவிமாரை எச்சரித்தார். பாலேஸ்வரி முன் வரிசையில் இருந்து கவனமாகக் கேட்டாள். பிறகு மேடையேறி, படத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் அடித்ததைச் சொன்னாள், கதவை உதைத்ததைச் சொன்னாள், சைக்கிள் போனதைச் சொன்னாள். ரொஷேல் சொல்லிக்கொடுக்காத இரண்டு சம்பவங்களையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அது நடிப்பு இல்லை.

சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள், வீட்டில் அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு ஊற்றிக்கொண்டு இருந்தாள். வெயில் இன்னும் யன்னலில் இருந்தது. மெல்பேர்னில் இருந்து சாம்பவி போன் எடுத்தாள். ஏதோ நல்ல செய்தி என்று அம்மாவின் குரலில் தெரிந்தது. என்னம்மா என்று கேட்டாள்.

"அப்பா குடியை விட்டிட்டார் பிள்ளை."

 சாம்பவி மெதுவாக, பயந்த குரலில் கதைத்தாள். "என்னம்மா சொல்லுறீங்கள்? அப்பா எப்ப குடிச்சவர்?"

"உனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளையாய் இருந்தனி."

"அம்மா, அப்பா கிளாஸைக் கவிட்டு வைக்கிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும். ஞாபகமில்லையோ? கவிட்ட கிளாஸ் எண்டுதானே அவருக்குப் பேர்?"

பாலேஸ்வரி யோசித்தாள். தலைக்குள் தேடிப் பார்த்தாள். கிளாஸ் இருந்தது. வெள்ளை மேசை விரிப்பில், கவிழ்ந்துதான் இருந்தது, ஓரத்தில் அவருடைய விரலும் தெரிந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இருக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, கன்னம் எரிந்த அந்த மழை நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அப்போது எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓம், ஞாபகமிருக்கு," என்றாள். "குடிச்சு முடிச்சாப் பிறகு கவிட்டு வைக்கிறவர்."

சாம்பவி அழத் தொடங்கினாள். அப்பா ஒரு சொட்டுக் கூடக் குடிக்கவில்லை அம்மா, சத்தியமாக என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாலேஸ்வரிக்குப் பிள்ளை மேல் இரக்கமாக இருந்தது. பிள்ளைகள் இப்படித்தான் மறுக்கும் என்று பேராசிரியர் முதலே சொன்னவர். சரி பிள்ளை, சரி, அழாதே என்று ஆறுதல் சொல்லிப் போனை வைத்தாள்.

யன்னலோரக் கதிரையில் அவர் வந்திருந்தார். கந்தோர்ச் சேட்டின் மேல் பொத்தான் கழன்றிருந்தது, கண் சிவந்திருந்தது. அவள் கொஞ்சம் பயந்தாள். குடியை விட்டிட்டீங்கள் எண்டு நம்பித்தானே சான்றிதழ் தந்தவை, இண்டைக்கு மட்டும்தான், நாளைக்குக் கேக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அவருடைய கிளாஸிலும் ஊற்றினாள்.

சவுந்தரநாயகம் வேண்டாமென்று சொல்லவில்லை.